புல்மேட்டில் தனியே நிற்கும் காட்டுப் பூவரசு

மரங்கள் நினைத்த இடத்துக்கு நடந்துபோன அந்தக் காலத்தில், நீலமலையின் உச்சியில் குளிர் என்ற ஒன்று கிடையாது. மழை உண்டு, காற்று உண்டு, மூடுபனி உண்டு. ஆனால் எந்த இலையும் விடிவதற்குள் கருகிப்போனதில்லை. நாவலும் செண்பகமும் காட்டுப் பூவரசும் புல்மேடு முழுக்கப் பரவி நின்று, இலைகளை அகல விரித்து வெயில் காய்ந்தன. ஓடையோரம் அலுத்துவிட்டால் மேட்டுக்கு ஏறின. மேடு அலுத்துவிட்டால் மறுபடி இறங்கின.

ஒரு வருடம், மழை ஓய்ந்த பிறகு, வடக்கேயிருந்து ஒரு வாலாட்டிக் குருவி வந்தது. வந்த களைப்பில் நாவல் மரத்தின் கிளையில் தொப்பென்று உட்கார்ந்தது.

“உறைபனி வருகிறது,” என்றது. “எனக்குப் பின்னாலேயே வருகிறது. எங்கள் பக்கத்தில் அது உட்கார்ந்த இடமெல்லாம் கறுத்துப்போய்விட்டது. பெரிய மரங்களில் சில பிழைத்தன. கன்றுகள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.”

மரங்கள் கூடிப் பேசின. மலையின் மடிப்பில் ஓடை ஓடுகிற பள்ளத்துக்குப் போய் நெருங்கி நிற்பது, கிளைகளைப் பின்னி மேலே கூரைபோல மூடிக்கொள்வது, கன்றுகளை நடுவில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. “கூரையில் எங்கேயும் ஓட்டை விழக்கூடாது. பக்கவாட்டிலும் இடைவெளி கூடாது,” என்றது நாவல். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். காட்டுப் பூவரசும் ஒப்புக்கொண்டது. அதற்குப் பட்டை தடிமன் என்பதால் விளிம்பில் நிற்கும் வேலை அதனிடம் வந்தது.

செண்பகம் தன் கடைசிக் கன்றைக் கொண்டுவந்தது. “நடுவில் இடம் நிறைந்துவிட்டது, தம்பி. இவளை உன் முதுகுக்குப் பின்னால் விட்டுப்போகிறேன். பார்த்துக்கொள்வாய் அல்லவா?”

“நான் இருக்கும்போது என்ன, அக்கா,” என்றது பூவரசு.

பொழுது சாயும் நேரத்தில் மாதி வந்தாள். அவளும் அவள் புருஷன் கேத்தனும் எருமை மேய்ப்பவர்கள். வழிதவறிய எருமைகளைத் தேடி அவன் கீழ்ச்சரிவுக்குப் போயிருந்தான். அவன் திரும்புவதற்குள், புல்மேட்டிலேயே, அவளுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. காலூன்றி நடக்கத் தெம்பில்லை. ஒரு கிழட்டு எருமையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மார்போடு பிள்ளையை அணைத்தபடி, பள்ளத்தில் மரங்கள் கூடி நின்ற சோலையின் ஓரம் வரை வந்து நின்றாள்.

“காற்று என்னவோபோல இருக்கிறது. பிள்ளைக்கு உடம்பு சில்லிடுகிறது,” என்றாள். “உள்ளே ஒரு ஓரமாக இருந்துகொள்கிறேன்.”

நாவல்தான் பதில் சொன்னது. “வழிவிட்டால் பனி நுழைந்துவிடும், அம்மா. உள்ளே எங்கள் குழந்தைகள் இருக்கிறார்கள்.”

மாதி விளிம்பில் நின்ற பூவரசைப் பார்த்தாள். “நீயாவது சொல்லேன், அண்ணா.”

“நானும் அதைத்தான் சொல்வேன்,” என்றது பூவரசு. “கீழே இறங்கிப் போய்விடு, தாயே.”

“இந்த உடம்போடு எங்கே இறங்குவேன்?” என்றாள். திட்டவில்லை, சபிக்கவில்லை. திரும்பிப் போய்ப் புல்லில் உட்கார்ந்துகொண்டாள். எருமை அவளுக்கு அணைவாகப் படுத்தது.

குழந்தை அழுதது. எல்லா மரங்களுக்கும் அது கேட்டது. சிறிது நேரத்தில் அழுகை முனகலானது. பிறகு முனகலும் விட்டு விட்டுக் கேட்டது. பூவரசு வேறு பக்கம் பார்க்க முயன்றது. இன்னும் அழு, அழுதுகொண்டே இரு என்று மனதுக்குள் கெஞ்சியது. சத்தம் நின்றுபோனது.

அதற்குமேல் அதனால் நிற்க முடியவில்லை. மண்ணிலிருந்து வேர்களைப் பிடுங்கிக்கொண்டது.

“அக்கா, நெருங்கி வாருங்கள்! நான் விட்ட இடத்தை மூடுங்கள்!” என்று கத்திவிட்டு, புல்மேட்டை நோக்கி ஓடியது.

மாதியின் தலைமாட்டில் போய் வேரூன்றி, அவள்மேல் கிளைகளை விரித்தது. அதே நேரத்தில் உறைபனி வந்து சேர்ந்தது. அது ஓசையில்லாமல் வந்தது. அது பட்டதும் புல்நுனிகள் வெளுத்தன.

“நீ ஏன் வெளியே நிற்கிறாய்?” என்று கேட்டது பனி.

“எனக்குக் கீழே ஒரு பச்சைக்குழந்தை இருக்கிறது. எங்களை விட்டுவிடு.”

“விடுவதற்கு நான் யாரையும் பிடிக்க வரவில்லையே. வானத்தைப் பார்த்து விரிந்திருப்பதன்மேல் இறங்குவேன். உள்ளே தண்ணீர் இருந்தால் அதைக் கல்லாக்குவேன். கல்லானதும் இலை வெடித்துப்போகிறது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.”

அதில் பகையும் இல்லை, இரக்கமும் இல்லை. பூவரசு யோசித்தது. வானத்தைப் பார்க்காவிட்டால்? விரிந்திராவிட்டால்? தண்ணீரே இல்லாவிட்டால்?

அது தன் இலைகளைக் காம்போடு கீழே தொங்கவிட்டது. ஒவ்வொன்றையும் குழல்போலச் சுருட்டியது. இலைகளில் இருந்த தண்ணீரைக் கிளை வழியாக, தண்டு வழியாகக் கீழே இழுத்தது. அது வலித்தது. முறுக்கிய துணிபோல அதன் உடம்பு திருகிக்கொண்டது. பட்டை பாளம் பாளமாகப் பிளந்தது. இறங்கிய தண்ணீரை வைத்துக்கொள்ள வேர்கள் ஆழமாக, இன்னும் ஆழமாக, பாறை இடுக்குகளுக்குள் போயின.

தொங்கிய இலைகள் மாதியைச் சுற்றிக் குடிசைபோல மூடின. அவள் எருமையின் விலாவிலிருந்து உதிர்ந்த பழுப்பு மயிரை வாரி, கைக்கு எட்டிய இலைச் சுருள்களின் உள்பக்கம் அப்பினாள். “உனக்கும் குளிருமே,” என்று சொல்லிக்கொண்டே அப்பினாள். பிள்ளையை எருமையின் வயிற்றோடு சேர்த்துவைத்துத் தேய்த்தாள். வெகுநேரம் தேய்த்த பிறகு பிள்ளை ஒரு தும்மல் போட்டது. அப்புறம் வீரிட்டது.

சூரியன் வந்தபோது புல்மேடு முழுக்க உப்புக் கொட்டியதுபோல வெளுத்திருந்தது. பூவரசின் இலைகள் மெல்ல நிமிர்ந்து விரிந்தன. கேத்தன் சரிவேறி ஓடிவந்து, பிள்ளையைப் பார்த்து, மரத்தின் அடியில் விழுந்து கும்பிட்டான்.

சோலைக்குள்ளிருந்து ஓர் அழுகுரல் வந்தது. செண்பகத்தின் குரல்.

“அக்கா, என்ன ஆயிற்று?” என்று கூவியது பூவரசு.

“நீ போன இடத்தை நாங்கள் மூடுவதற்குள் அது நுழைந்துவிட்டது,” என்றது செண்பகம். “உன் முதுகுக்குப் பின்னால் விட்டேனே, அவள் போய்விட்டாள்.”

பூவரசு அந்தப் பக்கம் போகப் பார்த்தது. வேர்கள் அசையவில்லை. பாறைக்குள் இறங்கிய வேர்கள் மறுபடி மேலே வரவில்லை.

“வராதே,” என்றது செண்பகம். “வர முடிந்தாலும் வராதே.”

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த மாதி கேத்தனின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிள்ளையோடு சோலை வரை நடந்தாள். விளிம்பில் ஒரு முழ உயரக் கன்று கறுத்து வாடி நின்றது. அதன்முன் உட்கார்ந்தாள். அழுதாள். அவள் மடியில் குழந்தையும் அழுதது.

செண்பகம் வெகுநேரம் அந்தக் குழந்தையைப் பார்த்தது.

“பசிக்கிறது அதற்கு. பால் கொடு,” என்றது.

“எங்கள்மேல் கோபமில்லையா, அம்மா?”

“பிள்ளைமேல் என்ன கோபம். பிழைத்தது நல்லதுதான். ஆனால் அந்தப் பூவரசை உள்ளே சேர்க்க என்னால் முடியாது.”

பூவரசு செய்தது தப்பு என்று யாரும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மற்ற மரங்கள் கன்றுகளை இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டன. ஒன்றின் வேருக்குள் ஒன்று வேர்விட்டுப் பின்னிக்கொண்டன. அதற்குப் பிறகு எந்த மரமும் நடக்கவில்லை.

கன்று நின்ற இடத்தைப் பூவரசு மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. மன்னிப்புக் கேட்டால் போன உயிர் வராது. மறுபடி அந்தக் குழந்தை அழுதால் மறுபடி ஓடாமல் இருக்க முடியும் என்றும் அதற்குத் தோன்றவில்லை. அதனால் அது பேசாமல் இருந்தது. பனி விலகாத அந்த மாதங்களிலேயே, வேறெதுவும் பூக்காத நேரத்தில், சோலையைப் பார்த்தபடி கிளைகொள்ளாமல் சிவப்பாகப் பூத்தது.

அன்று முதல்தான் நீலமலையில் மற்ற மரங்களெல்லாம் மடிப்புகளுக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. அன்று முதல்தான் காட்டுப் பூவரசு மட்டும் திறந்த புல்மேட்டில், திருகிய உடம்போடு தனியாக நின்று, பனி இறங்கும்போதெல்லாம் இலைகளைச் சுருட்டித் தொங்கவிட்டுக்கொள்கிறது.