வண்டிக்கு முன்னால் நின்றவர்

“மாடு முட்டினா உசுரு போகும், கம்பி போட்டா காசு போகும். இவருக்குக் காசு போகக் கூடாது. அவ்வளவுதாம்மா விஷயம்.”

மடத்தின் வாசற்படியில் கால் வைப்பதற்குள் பிரபாவதி இதைச் சொல்லி முடித்துவிட்டார். வத்தலக்குண்டில் வண்டி கிளம்பியதிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு எழுத்து மாறவில்லை.

பின்னால் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கணவர் ஞானவேல், “கேட்டீங்களாம்மா? ‘மாடு முட்டினா உசுரு போகும், கம்பி போட்டா காசு போகும்.’ இருபத்தெட்டு கொண்டை ஊசி வளைவு இருந்தாக்கூட இருபத்தெட்டு தடவை சொல்லியிருப்பா. நல்லவேளை, மடம் பாதி மலையில இருக்கு” என்றார்.

“முதல்ல உட்காருங்க” என்றார் குன்றடி அம்மா.

பண்ணைக்காட்டுக்குக் கொஞ்சம் கீழே, மலைச்சாலையை ஒட்டி நாலு அறையும் ஒரு கிணறுமாக இருக்கிறது அவருடைய மடம். பிரபாவதியைவிட ஏழெட்டு வயது இளையவர். இருந்தும் பிரபாவதிக்கு அவர் அம்மாதான். கிரைண்டர் வாங்குவதிலிருந்து மகளுக்கு வரன் பார்த்ததுவரை அவரைக் கேட்காமல் அந்த வீட்டில் எதுவும் நடந்ததில்லை. கேட்டபின் தன் இஷ்டப்படி நடப்பது வேறு விஷயம்.

அம்மா உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்தார். இடது காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். முழங்காலில் கட்டு.

அந்தக் கட்டுக்குக் காரணம் வாசலில் நிற்கும் வண்டிதான். போன மாதம் பனிமூட்டத்தில், சாலையைக் கடந்து பால் வாங்கப் போன அம்மாவை அது தட்டிவிட்டது. ஓட்டி வந்தவர் பிரபாவதி. வண்டியின் பிளாஸ்டிக் பம்பர் இரண்டாகப் பிளந்து விழுந்தது. அம்மா சாலையில் உட்கார்ந்தபடி, “பால் கொட்டிடுச்சே” என்றார். பிரபாவதி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ‘அருள் நிறைந்த மரியே’ என்று முழு ஜெபத்தையும் சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்கினார். கான்வென்டில் படித்த பழக்கம். பயம் வந்தால் மரியே, பயம் போனால் முருகா.

அன்றிலிருந்து எந்த வாரமும் தூக்குச்சட்டி வராமல் இருந்ததில்லை. ரசம், பருப்புத் துவையல், மிளகுக் குழம்பு. கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் பிரபாவதி அந்த முழங்காலை ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதைமட்டும் பேசாமல் செய்வார்.

இன்றும் செய்தார். பிறகு வாய் திறந்தது.

“நாளைக்கு எம் பொண்ணு நிவேதாவைப் பிரசவத்துக்கு இறக்கிக் கொண்டுவரணும்மா. மாசம் நெறைஞ்சாச்சு. பண்ணைக்காட்டுல அவங்க எஸ்டேட் பக்கம் காட்டுமாடு ரோட்டுக்கு நடுவுல, ஏதோ பட்டா போட்டு வாங்கின மாதிரி நிக்குது. போன வாரம் ஒரு வேனை முட்டி மூஞ்சியே இல்லாம பண்ணிடுச்சு. இந்த நேரத்துல அந்தப் பொண்ணை டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார். வீட்டுல ஏது இடம்? காலையில ரோட்டுலதான் நடக்கிறா. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. வண்டிக்கு முன்னாடி இரும்புக் கம்பியில பம்பர் கார்டு ஒண்ணு போட்டுடலாம்னா இவர் சட்டம் பேசறார்.”

“சட்டம் இருக்கு, பேசறேன்” என்றார் ஞானவேல். “அந்தக் கம்பியைப் போடறதே தப்புன்னு சொல்லி எத்தனையோ வருஷமாச்சு. ஏர்பேக்கும் சரியா வேலை செய்யாதுங்கறாங்க. போலீஸ் பிடிச்சா ஃபைன்.”

“வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல நின்னு பாருங்க. பத்து வண்டி போனா நாலு வண்டிக்குக் கொம்பு இருக்கு. எந்த போலீஸ் பிடிச்சான்?”

“மெதுவா ஓட்டு. கம்பி எதுக்கு?”

“நான் மெதுவா ஓட்டினா காட்டுமாடு மெதுவா வருமா?”

ஞானவேல் மோரைக் குடித்தார். மோருக்கு இந்த ஒரு நல்ல குணம் உண்டு. குடிக்கும்போது பதில் சொல்ல வேண்டியதில்லை.

குன்றடி அம்மா எழுந்து கிணற்றடிக்குப் போனார். அங்கே, உடைந்த பழைய பம்பரின் ஒரு துண்டு குப்புறக் கிடக்காமல் மல்லாந்து கிடந்தது. ஒர்க் ஷாப்பில் குப்பையில் போடவிருந்ததைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். அதன் குழிவில் தண்ணீர் நிரப்பியிருந்தது. மடத்து நாய் அதில்தான் குடித்தது. ஓரத்தில் ஒரு செம்பருத்திப் பூ. அம்மா வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூவை வைத்தார்.

“குப்பைக்குப் போற பிளாஸ்டிக்குக்குப் பூவாம்மா?” என்றார் பிரபாவதி.

“எனக்கும் வண்டிக்கும் நடுவுல வந்தது இதுதானே? ஒரு மரியாதை வேண்டாமா?”

“நீங்க நல்ல மனசு. நான் அதைச் செஞ்ச கம்பெனியைத் திட்டிக்கிட்டிருக்கேன். ஒரு ஆள் மேல பட்டதுக்கே பப்படம் மாதிரி நொறுங்கிச்சு. மாட்டு மேல பட்டா என்ன ஆகும்?”

“அந்த ஆள் நான்தான்” என்றார் அம்மா.

“ஐயோ, அதைச் சொல்லலம்மா.”

“நீங்க சொன்னதைத்தான் சொன்னேன். சரி, என்ன கார்டு பார்த்து வச்சிருக்கீங்க?”

பிரபாவதி முகம் மலர்ந்தது. போனை எடுத்தார். மூன்று படங்கள்.

“இது ஸ்டீல். கண்ணாடி மாதிரி மின்னும். விலை கேட்டதும் இவருக்கு வேர்த்துடுச்சு. இது கறுப்புப் பெயிண்ட் அடிச்ச இரும்பு, பட்டறையில வெல்டிங் வச்சுத் தருவாங்க. நம்ம பட்ஜெட்டுக்கு இதுதான் கொஞ்சம் கிட்ட வருது. மூணாவது செகண்ட் ஹேண்ட். ஏதோ பழைய ஜீப்புல இருந்து கழட்டினது. இருக்கிறதுலயே சல்லிசு, இருக்கிறதுலயே கனம். கடைக்காரன் சொல்றான், ‘மேடம், இதைப் போட்டா மாடுதான் இன்ஷூரன்ஸ் கேட்கும்’னு.”

“மாடுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டானாமா?” என்றார் அம்மா.

ஞானவேல் சிரித்தார். பிரபாவதி அவரைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“விளையாடாதீங்கம்மா. மதியத்துக்குள்ள கடைக்குப் போகணும். இன்னைக்கு மாட்டினாத்தான் நாளைக்கு நிவேதாவைக் கூப்பிட முடியும். எதை வாங்கட்டும்?”

“படத்துல பார்த்தா எனக்கு ஒண்ணும் பிடிபடல. வண்டியில மாட்டிப் பார்த்தாத்தான் தெரியும்.”

“வாங்காம எப்படி மாட்டிப் பார்க்கிறது?”

“வாங்க. நான் நிக்கிறேன். நீங்க கையால காட்டுங்க.”

அம்மா நொண்டிக்கொண்டே போய் வண்டிக்கு முன்னால் நின்றார். புதிதாக மாற்றிய பம்பரில் முழங்கால் படும் தூரம். அன்று நின்றது போலவே, பக்கவாட்டில் திரும்பி நின்றார். ஞானவேல் தூணில் சாய்ந்துகொண்டார்.

பிரபாவதி குனிந்து கையை நீட்டினார். “அடிக்குழாய் இந்த உயரத்துல வரும்.”

உள்ளங்கை முழங்கால் கட்டின்மேல் பட்டது. அம்மா மூச்சை இழுத்தார்.

“வலிக்குதாம்மா?”

“பரவாயில்ல. குழாய் எவ்வளவு கனம்?”

“உங்க மணிக்கட்டு கனம் இருக்கும்.”

“வளையுமா?”

“வளையவே வளையாதும்மா! அதுதானே அதுல விசேஷம். லாரி மோதினாலும்...” பிரபாவதி நிறுத்தினார். இடிச்சாலும், மோதினாலும், எது, யாரை என்று வாக்கியம் எங்கோ இடறியது. நல்ல இலக்கணம் படித்தவர் அவர். எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று தெரியாமல் போகாது.

“அடுத்த குழாய்?” என்றார் அம்மா.

“இங்க.” தொடை.

“அதுவும் வளையாது?”

“வளையாது.”

“அதுக்கும் மேல ஒண்ணு பார்த்தேனே, படத்துல. கொம்பு மாதிரி.”

பிரபாவதி நிமிர்ந்தார். வண்டியின் மூக்கு உயரத்தை ஒருமுறை பார்த்து, கையை அதே மட்டத்துக்குக் கொண்டுபோனார்.

“இங்க வரும்மா” என்றார்.

கை அம்மாவின் வயிற்றின்மேல் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை, பண்ணைக்காட்டில், மகள் நின்றுகொண்டிருந்தபோது இதே உயரத்தில்தான் கை வைத்துப் பார்த்தார். உள்ளே இருந்தது ஓங்கி உதைத்தது. ‘யப்பா, என்ன கோபம், என் வாரிசுதான்’ என்று சொல்லிச் சிரித்தார்.

இப்போது கை அங்கேயே இருந்தது. மலையில் எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவு திரும்பியது. அது தேய்ந்து மறையும்வரை பிரபாவதி கையை எடுக்கவில்லை.

எடுத்ததும் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

“சரி சரி, நேரமாகுது. பூஜையைப் போடுங்கம்மா” என்றார். குரல் மட்டும் பழையபடி ஆகிவிட்டது. “பம்பர் மாத்தினதுக்கு அப்புறம் இன்னும் பழம் நசுக்கல. அதுக்குத்தானே முக்கியமா வந்தது.”

ஞானவேல் பையிலிருந்து கற்பூரம், குங்குமம், எலுமிச்சம்பழம் நாலு எடுத்து வைத்தார். பெரிய பழங்கள். தோல் மெலிந்து, மஞ்சள் ஏறி, வாசனை தூக்கியது.

“இதைப் பாருங்கம்மா!” பிரபாவதிக்கு மறுபடி தெம்பு வந்துவிட்டது. “நசுக்கறதுக்கு வாங்கச் சொன்னா, ஊறுகாய்க்குப் பொறுக்கற மாதிரி பொறுக்கி வாங்கியிருக்கார். கம்பிக்குப் பட்ஜெட், இதுக்குப் பட்ஜெட் கிடையாது. சொத்தைப் பழமா நாலு வாங்கினா நசுங்காதா?”

“நமக்குப் பதிலா நசுங்குது. நல்லதா இருக்கட்டுமேன்னு வாங்கினேன்” என்றார் ஞானவேல்.

குன்றடி அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். கற்பூரத்தை வாங்கிக்கொண்டார்.

வண்டிக்குக் குங்குமம் வைத்தார். புது பம்பருக்குத் தனியாக ஒரு பொட்டு. கற்பூரம் சுற்றினார். முழங்காலை மடக்க முடியாமல், இடுப்பை வளைத்து, ஒவ்வொரு சக்கரமாகப் போய் அடியில் பழத்தை வைத்தார். ஞானவேல் உதவிக்கு வந்தார். வேண்டாம் என்று கை காட்டினார்.

“ஏறுங்க, பிரபாம்மா. எடுங்க.”

பிரபாவதி ஏறினார். கண்ணை மூடினார். மரியேயா முருகாவா என்று தெரியவில்லை, உதடு அசைந்தது. வண்டி மெல்ல நகர்ந்தது. நாலு இடத்தில் ‘ப்ளச்’ என்றது. எலுமிச்சை வாசனை வாசல் முழுக்கப் பரவியது.

ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார்.

“ஆச்சு. ஏறுங்க நீங்க, கடை மூடிடுவான். அம்மா, மூணுல எதுன்னு நீங்க இன்னும் சொல்லலையே?”

அம்மா சக்கரம் போன தடத்தில் குனிந்திருந்தார். நசுங்கிய பழங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். சாறு வழிந்தது, விதை பிதுங்கியிருந்தது. நாலையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அவற்றைக் கையில் ஏந்தியபடி நொண்டி நொண்டி ஜன்னலருகே வந்தார்.

“அந்தக் கடைக்குத்தானே போறீங்க?”

“ஆமாம்மா.”

“எனக்காக ஒண்ணு கேட்டுட்டு வரீங்களா? இரும்புல எலுமிச்சம்பழம் வச்சிருக்கானான்னு. நாலு போதும்.”

பிரபாவதி அவர் கையையே பார்த்தார். வண்டியின் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்திருந்த ஞானவேல், மற்றக் காலை எடுத்து வைக்கவில்லை.

“ஒரே செலவா போயிடும். எத்தனை தடவை ஏத்தினாலும் நசுங்காது. கேட்டுப் பாருங்களேன், பிரபாம்மா.”