வாலில் கூடிய நூறு பேர்

ஒரு குளத்தில், ஆம்பல் இலையின் அடியில் இரண்டு கெண்டை மீன் முட்டைகள் ஒட்டியிருந்தன. முட்டையின் தோல் கண்ணாடி மாதிரி. உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். இலையில் பாசி மேய வந்த நத்தைக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

முதல் முட்டைக்குள் மீன்குஞ்சின் உடம்பை உயிரணுக்கள் கட்டிக்கொண்டிருந்தன. சிலர் கண்ணைக் கட்டினார்கள், சிலர் துடுப்பைக் கட்டினார்கள். காதுக்குப் பின்னால் மட்டும் நூறு பேர் கைகோத்து நின்றார்கள். அவர்களுக்கு இனிமேல்தான் வேலை. காதிலிருந்து வால் நுனிவரை கூட்டமாக நடக்கவேண்டும். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை, கடைசியில் வருகிற பத்துப் பேர் கையை விட்டு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்த இடத்தில் தண்ணீரின் அசைவைக் கவனித்துச் சொல்லவேண்டும். பக்கத்தில் பாம்பு வந்தால் குஞ்சுக்குத் தெரிவது அப்படித்தான்.

முன்னால் நின்றவன் முந்தி. மோப்பம் பிடித்து வழி காட்டுகிறவன், அதனால் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கடைசியில் நின்றவள் பிந்தி.

புறப்பட்டார்கள். முதல் நிறுத்தம் வந்தது.

“பிந்தி! நீயும் உன் ஆளுங்களும் இறங்குங்க!” என்றான் முந்தி.

“ஏன் இறங்கணும்? நீ மட்டும் ஜம்முனு வாலைப் போய்ப் பார்ப்ப. நாங்க இந்த விலாவுல உட்கார்ந்து ஈ ஓட்டணுமா?”

“அதுதானே வழக்கம்!”

“வழக்கத்தை யாரு கேட்டா? ஒண்ணா வந்தோம், ஒண்ணாவே போவோம்!”

“ஒண்ணாவே போவோம்!” என்று நூறு பேரும் கத்தினார்கள். நடுவில் இருந்தவர்களுக்கு விஷயம் என்னவென்றே தெரியாது. கத்தினார்கள், அவ்வளவுதான்.

முந்திக்கும் சபலம் தட்டியது. நூறு பேர் புடைசூழ வாலில் போய் இறங்கினால் எவ்வளவு கம்பீரமாக இருக்கும்! “சரி, வாங்க!” என்றான்.

நத்தைக்குப் பொறுக்கவில்லை. “அடப்பாவிகளா! பக்கமெல்லாம் காலியாக் கிடக்கே! யாராவது பத்துப் பேர் உட்காருங்களேன்!”

“வெளியூர்க்காரங்க எங்க உள்விவகாரத்துல தலையிடாதீங்க!” என்றாள் பிந்தி.

நூறு பேரும் வாலை அடைந்தார்கள். வால் நுனி கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. உட்கார இடமில்லை, ஒருவர் மடியில் ஒருவர். இருந்தாலும் கூட்டம் போட்டார்கள். முந்தி தலைவன், பிந்தி துணைத்தலைவி, மீதித் தொண்ணூற்றெட்டுப் பேரும் செயலாளர்கள்! தலையில் அடித்துக்கொள்ள நத்தைக்குக் கையில்லை. கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டது.

இரண்டு முட்டைகளும் ஒரே காலையில் பொரிந்தன. குஞ்சுகள் இரண்டும் வெளியே வந்தன. தண்ணீர்ப் பாம்பு ஒன்று சத்தமில்லாமல் பக்கவாட்டில் நெருங்கியது.

இரண்டாவது குஞ்சின் உடம்பில் அவரவர் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கியிருந்தார்கள். “விலாப் பக்கம் அசையுது!” என்று தகவல் போனது. குஞ்சு சட்டென்று திரும்பிப் பாசிக்குள் மறைந்தது.

முதல் குஞ்சுக்கு விலாவிலிருந்து ஒரு தகவலும் இல்லை. “அடடா, என்ன அமைதியான குளம்!” என்று சந்தோஷமாக வாயைத் திறந்தது. பாவம், அது சொன்ன முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் அதுதான். பாம்பு அதைத் தலையிலிருந்து விழுங்க ஆரம்பித்தது. தலை போனது, விலா போனது, வால் மட்டும் பாம்பின் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அப்போது வாலில் நூறு பேரும் துள்ளி எழுந்தார்கள்.

“தண்ணி அசையுது! பக்கத்துல பாம்பு! குஞ்சே, ஓடு! ஓடு!”

வாலும் உள்ளே போனது. நத்தை அன்றைக்குப் பாசி மேயவில்லை.

கூட்டமாகப் போகிறவர்கள் அவரவர் இறங்கவேண்டிய இடத்தில் இறங்காவிட்டால், எல்லாரும் சேர்ந்தே அழிவார்கள்.