மீனுக்கு உருட்டின உருண்டை

ஒரு ராஜா இருந்தாரு. இருந்தாருன்னா, சாப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. பேரு தும்பைராயர். அரண்மனைக் குளத்துல வளர்த்த கெண்டை இல்லாம அவருக்குச் சோறு இறங்காது. ஆனா சாவு பயம் ஜாஸ்தி. அவர் வாய்க்குப் போற எதையும், கொடுக்கறவங்க முதல்ல தின்னு காட்டணும். அதான் சட்டம். மாமியார் ஆசையா அதிரசம் சுட்டு வந்தப்பகூட, "முதல்ல நீங்க கடிங்க அத்தை"ன்னு நின்ன மனுஷன்!

அந்தக் குளத்துல சீக்கு வந்துச்சு. மீனெல்லாம் வால் அழுகி மிதந்துச்சு. ராஜா கத்திரிக்காயோட காலம் தள்ளினாரு. அரண்மனை வைத்தியர் அமிர்தலிங்கம் வந்தாரு. பேர்லதான் அமிர்தம். மயில்துத்தம்ங்கிற நீல விஷ உப்பையும் பாஷாணத்தையும் தவிட்டுல பிசைஞ்சு நீல நீலமா உருண்டை போட்டாரு. மீனு இன்னும் வேகமா செத்துச்சு. "மருந்து வேலை செய்யுது, நோய் வெளியேறுது"ன்னாரு. கூடவே உசுரும் வெளியேறினது ஐயா கண்ணுக்குத் தெரியல.

சபையில சடையாண்டின்னு ஒரு விகடகவி. அவனுக்குப் பொறுக்கல. தவிடு, பிண்ணாக்கோட பூண்டு, மஞ்சள், கருஞ்சீரகம் அரைச்சு உருட்டினான். யாருக்கும் தெரியாம நீல உருண்டையை எடுத்து ஒளிச்சுட்டு, இதைப் போட்டான். கொஞ்ச நாள்ல மீனு துள்ளுச்சு. இவன் மஞ்சக் கையோட வைத்தியர்கிட்ட மாட்டிக்கிட்டான்.

"மகாராஜா! மீனு பொழைச்சது என் மருந்துல! இந்தப் பய குளத்துல விஷம் வைக்கிறான்!"ன்னு வைத்தியர் குதிச்சாரு.

ராஜா சிம்மாசனத்தை விட்டு எந்திரிச்சாரு. "சடையாண்டி, விஷமில்லன்னு இப்பவே காட்டு. இல்ல, தலை போயிரும்!"

சடையாண்டிக்குத் தலை போற நேரம். ஆனா வாய் சும்மா இருக்குமா?

"குளத்து மீனு கடைசியில எங்க போகுது மகாராஜா?"

"என் வயித்துக்கு."

"மீனு தின்னது?"

ராஜா வயித்தைத் தடவினாரு. "அதுவும்... என் வயித்துக்குத்தான்."

"அப்ப சட்டப்படி நானும் வைத்தியரும் தின்னு காட்டணுமே!"

மஞ்ச உருண்டை ரெண்டை வாயில போட்டான். மென்னான். "உப்புதான் கொஞ்சம் கம்மி"ன்னு ஏப்பம் விட்டான். அப்புறம் ஒளிச்சு வெச்ச நீல உருண்டையைத் தட்டுல அடுக்கி நீட்டினான்.

"எடுத்துக்குங்க வைத்தியரே. கூச்சப்படாதீங்க."

வைத்தியர் தட்டைத் தள்ளி வெச்சாரு. "நான்... இன்னைக்கு விரதம்."

"விரதத்துல மருந்து சாப்பிடலாம்னு போன அமாவாசைக்கு நீங்கதானே சொன்னீங்க?"

"டேய், இது மீனுக்குடா! மனுஷன் தின்னா குடல் வெந்துரும்!"

சடையாண்டி நிதானமா கேட்டான்: "சரிங்க. அந்த மீனு யாருக்கு?"

ராஜா வைத்தியரைப் பாத்தாரு. தட்டைப் பாத்தாரு. தன் தொந்தியைப் பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு பாருங்க, கிரீடம் கழண்டு உருண்டுச்சு!

"யோவ் வைத்தியரே, இனிமே மீனுக்கு நீர்தான் பூண்டு உரிக்கணும். சடையாண்டி, உனக்கு என்ன வேணுமோ கேளு. பொன்னா? ஊரா?"

"முதல்ல ஒரு சொம்பு தண்ணி மகாராஜா. பூண்டு எரியுது."