தம்பி எடைக்கு மணல்

"இந்தப் பாரத்த எப்பம்மா இறக்கி வைப்பேன்?" என்று கேட்டான் சுடலைமணி.

கணவாய் அடிவாரத்து ஓடைக்கரையில் குடிசை போட்டிருந்த அந்தத் துறவியை எல்லோரும் 'அம்மா' என்றே கூப்பிட்டார்கள். சுடலைமணியைவிடப் பத்து வயதாவது இளையவர். அதிகம் பேசமாட்டார்.

"எந்தப் பாரம், அண்ணாச்சி?"

அவன் புளியமரத்தடியில் நின்ற கைவண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

வண்டிமேல் அவன் தம்பி பேச்சிமுத்து கண்ணாடி வளையல்களை நிறம் பிரித்து நூலில் கோத்துக்கொண்டிருந்தான். பதினான்கு வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவனுடைய இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு அண்ணன் வண்டியைப் பிடித்தவன்தான். அண்ணன் இழுப்பான், தம்பி சந்தையில் உட்கார்ந்து, பெண்களுக்கு வலிக்காமல் வளையல் போட்டுவிடுவான்.

இருபத்தாறு வருஷம்.

வண்டி அப்பா செய்தது. மாடு வாங்க வக்கில்லாத வீட்டில் அதுதான் மாடு. வெள்ளம் வந்த வருஷம் ஊர்ச்சாமியை மேட்டுக்குக் கொண்டுபோனது அது. பிரசவ வலி கண்டவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தது. ஒருமுறை பெண்ணும் மாப்பிள்ளையும்கூட அதில் ஊர்வலம் வந்தார்கள். சுடலைமணி மட்டும் கல்யாணம் கட்டவில்லை. நேரம் இல்லை.

"டவுன்ல ஒரு இல்லம் இருக்கும்மா. இவனப் போல உள்ளவங்களச் சேத்துக்கிடுதாங்க. நல்ல சோறு. நான் இங்க உங்க காலடியில கிடந்துக்கிடுதேன். தண்ணி தூக்குதேன், வாசல் பெருக்குதேன். நீங்க ஒரு வார்த்த சரின்னு சொல்லணும்."

"தம்பிட்ட சொல்லியாச்சா?"

"இல்ல."

அம்மா ஓடை மணலைப் பார்த்தார்.

"கணவாய்க்கு அந்தப் பக்கம், இறக்கத்துல, வழிப்போக்கருக்குத் தண்ணித் தொட்டி கட்டுதாங்க. ஓட மணல் வேணும். நாளைக்கு ஒரு வண்டி கொண்டுபோய்ப் போடுங்க. தம்பி இங்க இருக்கட்டும்."

"எவ்வளவும்மா?"

"தம்பி எடைக்கு. ஒரு பிடி கூட வேண்டாம்."

மறுநாள் காலையில், துலாபாரம் கொடுக்கும் பெரிய தராசைப் புளியங்கிளையில் கட்டினார்கள். ஒரு தட்டில் பேச்சிமுத்துவைத் தூக்கி உட்காரவைத்தான் சுடலைமணி. மறுதட்டில் மணல் மூட்டைகளை வைத்தான்.

பேச்சிமுத்து சிரித்தான். "என்னண்ணே, எடபோட்டு என்ன விக்கப் போறியா?"

சுடலைமணி குனிந்து கடைசி மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினான். ரொம்ப நேரம் கட்டினான்.

தட்டுகள் நேராக நின்றன.

வண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பியபோது அவனுக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. பின்னாலிருந்து யாரும் பேசவில்லை. வெயில் ஏறுதுண்ணே, தலையில துண்டப் போடு என்று யாரும் சொல்லவில்லை.

முதல் வளைவில் ஏற்றம் தொடங்கியது.

கைப்பிடிக் கட்டை மேலே எழும்பியது. அமுக்கிப் பிடித்தான். பாரமெல்லாம் பின்பக்கம் போய், வண்டி அவனையே தூக்கப் பார்த்தது. நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, மூட்டைகளை முன்னால் நகர்த்திக் கயிறு போட்டுக் கட்டினான். மேடு கூடக் கூட மறுபடியும் அதே கதை. கட்டைமேல் வயிற்றைப் போட்டு அமுக்கிக்கொண்டே ஏறினான்.

வழக்கமாகக் காலை வெயிலுக்குள் ஏறிவிடுகிற கணவாயை ஏறி முடிக்க உச்சிப்பொழுது ஆகிவிட்டது.

இறக்கம் இன்னும் மோசம். முன்னால் நகர்த்திக் கட்டிய மூட்டைகள் இப்போது கட்டையை அவன் கைகளோடு சேர்த்துக் கீழே அழுத்தின. வண்டி முதுகில் இடித்துத் தள்ளியது. ஓடினான். ஓட முடியாமல் விழுந்தான். வண்டி வேலிக்காத்தான் புதரில் போய் முட்டி நின்றது.

முழங்காலில் ரத்தம். மூட்டை ஒன்று கிழிந்திருந்தது. சிந்திய மணலைக் கையால் அள்ளி அள்ளி வண்டியில் போட்டு, தொட்டிக்குக் கொண்டுபோய்க் கொட்டினான்.

பொழுது சாயும் நேரத்தில் குடிசைக்குத் திரும்பினான். வந்த வேகத்தில் சொன்னான்:

"உங்க தராசு பொய் சொல்லுதும்மா."

"எடபோட்டது நீங்கதானே, அண்ணாச்சி?"

"அப்பம் மணல்ல ஏதோ இருக்கு. மேட்டுல ஆளத் தூக்குது, பள்ளத்துல ஆளத் தள்ளுது. இருவத்தாறு வருஷமா அதே ரோடு, அதே வண்டி, அதே எட. ஒருநா கூட இப்படிப் பண்ணினதில்லையே!"

அம்மா பேச்சிமுத்து பக்கம் திரும்பினார்.

"தம்பி, அண்ணன் கேக்குறாங்க."

பேச்சிமுத்து கையிலிருந்த வளையலைக் கீழே வைத்தான். குற்றம் செய்து பிடிபட்டவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

"மேடு வந்தா முன்னால நகந்து உன் பக்கம் சாஞ்சிக்கிடுவேன்ணே. பள்ளத்துல பின்னால போய்ச் சட்டத்தப் பிடிச்சித் தொங்கிக்கிடுவேன். அப்பத்தான் உனக்குக் கை நோவாது."

"எப்போருந்துலே?"

"மொத நாள்லருந்து."

சுடலைமணி தம்பியின் கையைப் பிடித்துத் திருப்பினான். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. வண்டி இழுக்கிற தன் கையில் இருப்பதைவிடத் தடிப்பாக இருந்தது.

"ஏன்லே ஒருநா கூடச் சொல்லல?"

"நீ இழுக்கிற. நான் சாயுதேன். இதுல சொல்ல என்ன இருக்கு?"

சுடலைமணி அந்தக் கையை விடாமலே உட்கார்ந்திருந்தான். அம்மா பச்சிலை அரைத்து வந்து அவன் முழங்காலில் வைத்துக் கட்டினார்.

"குடிசையில இடம் இருக்கு, அண்ணாச்சி. எத்தன நாள் வேணும்னாலும் இருக்கலாம்."

"இல்லம்மா," என்றான். "காலையில சந்தை இருக்கு."

விடிந்ததும் வளையல் பெட்டியை ஏற்றினான். தம்பியைத் தூக்கி உட்காரவைத்தான். கட்டைக்குள் நுழைந்து கைப்பிடியைப் பிடித்தான். இழுக்கவில்லை.

"லே தம்பி, போவமா?"

அப்படி அவன் இதற்கு முன்னால் கேட்டதே இல்லை.

பின்னால் பலகை கிரீச்சிட்டது. கட்டை அவன் கைக்குள் மெல்ல இறங்கி வந்து நின்றது.

"ம்," என்றான் பேச்சிமுத்து. "இப்பம் இழுண்ணே."