வாளோடு வந்த ஆள்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். காலையில் எழும்போதே ஏதாவது ஓர் ஆசையோடுதான் எழுவார். அதைத் தீர்த்து வைப்பதற்குள் அரண்மனைக்கே மூச்சு வாங்கிவிடும். ஒருநாள் சபைக்கு வந்த துறவி ஒருவர், "அடிக்க வருகிறவனை அடிக்காமலே மாற்றிவிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது.

சபையில் வெண்காடன் என்றொரு விகடகவி. அவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். ராஜா சிரித்தால் தளபதி வச்சிரவர்மருக்கு வயிறு எரியும். அவர்தான் எழுந்தார்.

"அரசே, கணவாயில் வழிப்பறி செய்யும் கொம்பையனை என் படையாலேயே அடக்க முடியவில்லை. வெண்காடன் வெறுங்கையோடு போகட்டும். அடிக்காமல், திருடாமல், பொய் சொல்லாமல் அவன் வாளை இங்கே கொண்டுவரட்டும்!"

"பலே!" என்று தொடையைத் தட்டினார் ராஜா. "உடனே புறப்படு, வெண்காடா!"

சபையைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வெண்காடன் வெளியே வந்தான். வாசலைத் தாண்டியதும் அரண்மனையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கணவாய்ப் பக்கம் நடந்தான்.

கணவாயில் கொள்ளையர்கள் அவனைப் பிடித்துக் கொம்பையன் முன் தள்ளினார்கள். கொம்பையன் முதலில் ஓர் அறை விட்டான். பிறகுதான் கேட்டான்: "யார்றா நீ?"

"ராஜாவோட விகடகவிங்க. உங்க வாளை வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது.

"குடுக்கலேன்னா என்ன பண்ணுவே?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். இன்னொரு தரம் கேட்பேன்."

இன்னொரு அறை விழுந்தது. வெண்காடனுக்குக் காது கொய்யென்றது. கை தானாக இறுகியது, மெல்லப் பிரித்துக்கொண்டான். அப்போது அடுப்புப் பக்கமிருந்து தீய்ந்த வாடை வந்தது.

"சோறு அடிப்பிடிக்குதுங்க."

"இவனுங்க என்னிக்கு ஒழுங்கா ஆக்கினானுங்க?" என்று கொம்பையன் அலுத்துக்கொண்டான்.

"நான் ஆக்கித் தரேன்" என்று எழுந்தான் வெண்காடன். மூலையில் யானைத் தலை பருமனுக்கு ஒரு சேனைக்கிழங்கு கிடந்தது. "இதை நறுக்கணுமே. அந்த வாளைக் கொஞ்சம் குடுங்க."

பசி மயக்கத்தில் கொம்பையன் உருவி நீட்டிவிட்டான். கொடுத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவன் கழுத்து வெண்காடனுக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

வெண்காடன் உட்கார்ந்து கிழங்கை நறுக்கினான். வாளைக் கழுவித் துடைத்து, பிடியைக் கொம்பையன் பக்கம் திருப்பி நீட்டினான்.

"இதுக்குத்தானே வந்தே? ஏன் திருப்பித் தர்றே?"

"கிழங்கு நறுக்கத்தானே குடுத்தீங்க? எடுத்துட்டுப் போனா திருட்டாயிடும்."

"ரெண்டு அறை விட்டேனே. வெட்டணும்னு தோணலியா?"

"பொய் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. தோணிச்சு. ஆனா எல்லாரும் பசியோட பார்த்துட்டு இருந்தீங்க."

சோறு ஆனதும் சாப்பிட உட்கார்ந்த கொம்பையன் பாதியில் கை கழுவி எழுந்தான். "வா. நானே கொண்டாரேன்."

இடுப்பில் வாளோடு கொம்பையன் சபைக்குள் நுழைந்ததும் வச்சிரவர்மர் தம் வாளை உருவிக்கொண்டு பாய்ந்தார். "ஆயுதத்தோடு வந்திருக்கிறான்! வெண்காடன் தோற்றான்!"

"தளபதியாரே, வாளைக் கொண்டுவரச் சொன்னீர்கள், கொண்டுவந்தேன். ஆளைக் கழற்றி வைத்துவிட்டு வரும்படி சொல்லவில்லையே!" என்றான் வெண்காடன். "அவர் வாள் உறைக்குள் இருக்கிறது. தங்கள் வாள்தான் வெளியே நிற்கிறது. இப்போது நான் யார் மனத்தை மாற்ற வேண்டும்?"

சபை குபீரென்று சிரித்தது. தளபதி வாளை உறையில் போடத் தடுமாறினார்.

"கொம்பையா, உண்மையிலேயே உன் மனம் மாறிவிட்டதா?" என்று ராஜா கேட்டார்.

"மனசு பத்தியெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. திருப்பி அடிச்சிருந்தா கொன்னுட்டுச் சாப்பிடப் போயிருப்பேன். இவர் அடிக்கலே, சோறு தொண்டையில இறங்கலே." அவன் வாளை ராஜாவின் காலடியில் வைத்தான்.

"வெண்காடா, என்ன வேண்டும், கேள்!"

"கணவாய்க்குக் கீழே தரிசாகக் கிடக்கும் நிலத்தை இவருக்கும் இவர் ஆட்களுக்கும் கொடுங்கள், அரசே."

"தந்தேன்! உனக்கு?"

வெண்காடன் வீங்கிய கன்னத்தைத் தடவினான். "இந்தக் கன்னத்து வீக்கம் வற்றும்வரை வேறு துறவி யாரையும் சபைக்குள் விடாதீர்கள். அது போதும்."

கிரீடம் சரியும்படி சிரித்த ராஜா, தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.