மழைக்கு முன் ஒரு வண்டி

"எந்த வண்டி வாங்கட்டும்? இன்னிக்காவது வாயைத் திறந்து சொல்லு," என்றாள் எமல்டா.

நஸ்ரின் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏற்காட்டு மைதானத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, பழைய பைக்கின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

வாரக் கடைசியில் பெண்களுக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். கான்வென்ட்டில் எமல்டாவுக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள். எமல்டா அப்போது ஸ்கூல் லீடர்.

"லேட்டா வந்தேன்னு என்னை வெயில்ல நிக்க வச்சீங்களே, ஞாபகம் இருக்கா அக்கா?"

"அதுக்கா இப்பப் பழி வாங்குறே? மூணு வாரமா கேக்குறேன்."

"முதல்ல ஓட்டக் கத்துக்கங்கன்னு நானும் மூணு வாரமா சொல்றேன்."

"உன் வண்டியில எதுக்கு? எனக்குன்னு ஒண்ணு முடிவாகட்டும். அதுலயே கத்துக்கிறேன்."

சொல்லிவிட்டு எமல்டா கொஞ்ச தூரம் நடந்தாள். திரும்பி வந்தாள். போனை எடுத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் தூங்கப் போட்டுவிட்டு வந்த மகளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தகவல் இல்லாதது நல்லதா, கெட்டதா? மறுபடியும் எடுத்துப் பார்த்தாள்.

குழந்தைக்கு இழுப்பு. போன மாதம் ஒரு சாயங்காலம் மூச்சு வாங்கி வாங்கி, உதடு நீலம் பாரித்துவிட்டது. வீட்டுக்காரர் மஸ்கட்டில். எஸ்டேட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு ஆட்டோ வராது. பாதை முழுக்கக் கல். நடுவே ஓர் ஓடை. ஸ்கூட்டர் என்றால் அதிலேயே நின்றுவிடும். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். பாதி வழியில் ஒரு பால் வேன் வந்தது.

வராமல் போயிருந்தால்?

அந்த இடத்தில்தான் அவள் யோசனை தினமும் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

"மழை ஆரம்பிச்சா இழுப்பு இன்னும் கூடும், நஸ்ரின்."

"தெரியும்க்கா. சேலம் போய் வண்டி பாத்தீங்கல்ல? சொல்லுங்க, கேப்போம்."

எமல்டா மளமளவென்று ஒப்பித்தாள். "சிவப்பு வண்டியில சீட்டு வழுக்குது. கறுப்புல பிடிச்சுக்கிற கம்பி நல்லா கைக்கு அடங்குது, ஆனா கால் வைக்கிற இடம் ரொம்ப ஒசரம். நீலத்துல சாரி கார்டு இப்பவே லொடலொடன்னு ஆடுது."

"வேற?"

"நடுவுல பாப்பா உக்கார இடம் இருக்கான்னு சாண் போட்டுப் பாத்தேன்."

"நடுவுலன்னா?"

"நடுவுலன்னா நடுவுலதான். இது என்ன கேள்வி?"

நஸ்ரின் எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்தாள்.

"கடைக்காரன் என்ன சொன்னான்?"

"சார் வரலையான்னான். வெளிநாட்டுல இருக்காருன்னேன். சாருக்குக் கச்சிதமா இருக்கும் மேடம்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தேங்க்ஸ் சொன்னேன்."

நஸ்ரின் சிரிப்பாள் என்று பார்த்தால், சிரிக்கவில்லை. எழுந்து பைக்கில் சாவியைப் போட்டாள். வண்டி ஸ்டாண்டில் அசையாமல் நின்றது.

"ஏறுங்கக்கா."

"எங்க போறோம்?"

"ஏறுங்க, சொல்றேன்."

எமல்டா துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டாள். போட்டிருந்தது சுடிதார்தான். ஆனாலும் பின்சீட்டில் ஒருக்களித்து ஏறி உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ம், எடு."

நஸ்ரின் எடுக்கவில்லை. பக்கத்தில் நின்றபடி, எண்ணெய்க் கையைத் துணியால் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள்.

"என்ன நிக்கிறே? மேகம் இறங்குது பாரு."

நஸ்ரின் அண்ணாந்து பார்த்தாள். "ஆமா, இறங்குது."

"பாப்பா முழிச்சிருப்பா. நான் வீட்டுக்குப் போகணும்."

"போலாமே."

"அப்ப ஏறுடி!"

முதல் தூறல் பெட்ரோல் டேங்க்கின் மேல் விழுந்தது. எமல்டா போனைப் பார்த்தாள். மேகத்தைப் பார்த்தாள்.

நஸ்ரின் பின்பக்கமாக வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா. எனக்கு இடம் வேணாமா?"

"எங்கடி தள்ளுறது? முன்னாலதான் அவ்வளவு இடம் காலியா..."

பேச்சு பாதியில் நின்றது.

தூறல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

எமல்டா இறங்கினாள். ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, முன்னால் உட்கார்ந்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் அலைந்த கைகள் ஹேண்டில்பாரில் போய் நின்றன. ரப்பர் சில்லென்று இருந்தது.

சிவப்பு, கறுப்பு, நீலம். அந்த வண்டிகளின் ஹேண்டில்பார் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள்.

ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

நஸ்ரின் பின்சீட்டில் ஒருக்களித்து ஏறி உட்கார்ந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பக் கேளுங்கக்கா. என்னமோ கேட்டீங்களே?"

எமல்டா ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தாள்.

"இதுல பிரேக் எங்க இருக்கு?" என்றாள்.