மறுமுனை

“பீபிஜி, கட்டின உறவை அறுக்க வழி உண்டா?”

நத்தா சிங் கேட்டார். ஐம்பத்திரண்டு வயது. பீபி தயா கவுருக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. இருந்தாலும் அந்த சட்லெஜ் கரை குருத்வாராவில் யாருக்கு எந்தக் குழப்பம் வந்தாலும் பீபியிடம்தான் போவார்கள். அவர் அன்னதானச் சமையலுக்குப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

“எந்த உறவு?”

“மேஹர் தீன்.”

இருபது வருஷத்துக்கு முன் இருவரும் தலைப்பாகை மாற்றிக்கொண்டவர்கள். அந்தப் பக்கத்தில் அது விளையாட்டு இல்லை. சீக்கியனோ முஸ்லிமோ, மாற்றிக்கொண்டவன் கூடப்பிறந்தவன். அவ்வளவுதான், அப்பீலே கிடையாது.

“அவர் என்ன செய்தார்?”

“நம்ம குருத்வாரா ஊர்வலத்தன்னைக்கு அவங்க தெருவிலேர்ந்து கல் வந்துது. என் அக்கா மகனுக்கு மண்டையில பதினோரு தையல்.”

“எறிஞ்சது மேஹர் தீனா?”

“அன்னைக்கு அவன் ஊர்லயே இல்லை. ஆனா நாலு மாசம் ஆச்சு, எட்டிக்கூடப் பார்க்கலையே! கூடப்பிறந்தவனாம்! வயிறு எரியுது, பீபிஜி.”

“சரி. அவர் தலைப்பாகையைத் திருப்பிக் கொடுத்துடுங்க.”

நத்தா சிங் இதை எதிர்பார்க்கவில்லை. பீபி சமாதானம் பேசுவார், மல்லுக்கட்டலாம் என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“கசங்கலா கொடுக்காதீங்க. இழுத்து, மடிச்சுக் கொடுங்க.” பீபி அவர் தலையைப் பார்த்தார். “ஆமா, உங்க தலைப்பாகை ஏன் கொஞ்ச நாளா கோணிக்கிட்டு நிக்குது?”

“பெண்டாட்டி போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு. கட்டுறதுக்கு முன்னாடி துணியை ரெண்டு பேர் இழுத்து மடிக்கணும், மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. தாழ்ப்பாள்ல கட்டி இழுத்து மடிக்கிறேன்.”

“நாலு மாசத்துக்கு முன்னாடி யார் பிடிச்சா?”

நத்தா சிங் எழுந்து போனார்.

வீட்டில் பெட்டியைத் திறந்து மேஹர் தீனின் பழைய நீலத் துணியை எடுத்தார். ஒரு முனையைத் தாழ்ப்பாளில் முடிந்தார். கோபத்தில் இழுத்த இழுப்பில் தாழ்ப்பாள் பெயர்ந்து காலில் விழுந்தது.

“சனியனே!”

துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே மேஹர் தீன் வீட்டுக்குப் போனார். மேஹர் தீன் முற்றத்தில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவர் தலைப்பாகையும் கோணல்தான்.

“இந்தா, உன் துணி.”

மேஹர் தீன் முகம் செத்துப்போயிற்று.

“வந்தேன்டா, நத்தா. உன் தெரு முனை வரைக்கும், மூணு தடவை. எந்த முகத்தை வச்சுக்கிட்டு உள்ளே வர்றதுன்னு தெரியலை.”

நத்தா சிங் நீட்டிய கையை மடக்கவில்லை. மேஹர் தீன் துணியை வாங்கவும் இல்லை. ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு முற்றத்தின் அந்தக் கோடிக்கு நடந்தார்.

“கசங்கிக் கிடக்கு,” என்றார். “இழு.”

மறுநாள் காலை நத்தா சிங் குருத்வாராவுக்கு ரொட்டி மாவு பிசைய வந்தார். தலைப்பாகை கச்சிதமாக நின்றது.

“திருப்பிக் கொடுத்துட்டீங்களா?” என்று கேட்டார் பீபி.

“மடிப்பு இன்னும் சரியா வரலை, பீபிஜி.”